அடைகல்லோடு மலையிறங்கிய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் என்னை மலையடிவாரத்தில் முந்தலுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூணாறு போகிற கார்களை நிறுத்த வைப்பதற்காகவே கட்டிய ஹோட்டல். வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், பித்தளை அண்டா, பழைய சைக்கிள், எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்து நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில், தங்க நிறப் பெயிண்ட் பூசி, தலையில் ஒரு பூந்தொட்டியைச் சுமந்துகொண்டு ஓர் அடைகல் உட்கார்ந்திருந்தது.

அடைகல் என்றால் எல்லோருக்கும் தெரியாது. பட்டறையில் இரும்பைக் காய்ச்சி எடுத்து எதன் மேல் வைத்து அடிக்கிறோமோ, அதுதான். கல் என்பது பெயரில் மட்டும், முழுக்க எஃகு. ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீண்டிருக்கும்.

எனக்குக் கை சும்மா இருக்காது. மேசையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து, பூந்தொட்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அடைகல்லின் முகத்தில் இரண்டு தட்டு தட்டினேன். சிமெண்டில் பதித்து வைத்ததால் சத்தமே எழவில்லை. பரிமாறுகிற தம்பி ஓடி வந்து, "அக்கா, அது டெக்கரேசன் அக்கா" என்றார். "விப்பீங்களா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் மெனு அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஐம்பது வயதை நெருங்கும் பெண், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஹோட்டல் அலங்காரத்துக்கு விலை கேட்டால் அவர்தான் என்ன செய்வார்?

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஏலக்காய் டீ வாசம் வந்தது. பலருக்கு ஏலக்காய் வாசத்தில் பாயசம் நினைவுக்கு வரும். எனக்குத் துருப்பிடித்த இரும்பு நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. சாப்பாடு வரும்வரை நான் வேறு உலகத்தில்தான் இருந்தேன்.

நான் போடிக்குப் பக்கத்திலிருக்கிற சிலமலைக்காரி. அப்பா வயல்காரர். பிளஸ் டூ முடித்ததும் எல்லோரும் நர்சிங், டீச்சர் டிரெயினிங் என்று போக, நான் மட்டும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். ஆசைப்பட்டு எடுத்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன். மாற்ற வெட்கப்பட்டு அப்படியே சேர்ந்தேன். ஆனால் முதன்முதலாக உலையிலிருந்து எடுத்த கம்பி சுத்தியலுக்கு அடங்கி வளைந்த அன்றைக்கு, அந்தத் தவறான டிக்கை நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். இரும்பு களிமண் மாதிரி ஆகிவிடுகிறது! அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் உலைக்கூடத்தில்தான் கிடந்தேன்.

படித்து முடித்து, கல்யாணமாகிப் போடிக்கு வந்தபின் ஒரு கேட்-கிரில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்றால், வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பது, பில் எழுதுவது, செய்து முடித்த கிரில்லுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பது. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட என்னிடம் சுத்தியலைக் கொடுக்கவில்லை. முதலாளி கெட்டவர் இல்லை. "நீ எதுக்கும்மா கஷ்டப்படுற, நெழல்ல ஒக்காரு" என்பார். அந்த நிழலிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது.

ஒரு நாள் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவருக்கு வாக்கத்தி வேண்டும். மலையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இடுப்பில் செருகியிருக்கும், நுனி வளைந்த வெட்டுக்கத்தி அது. கடையில் வாங்கினதெல்லாம் நாலு கொப்பு வெட்டுவதற்குள் வளைந்துவிடுகிறது, பட்டறையில் அடித்த கத்தியாக நூறு வேண்டும் என்றார். "அந்தச் சோலியெல்லாம் நாம செய்யிறதில்லீங்க" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

நான் பெயிண்ட் பிரஷ்ஷை வைத்துவிட்டு அவர் பின்னாலேயே ஜீப் வரை ஓடினேன்.

"நான் செஞ்சு தர்றேங்கய்யா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையெல்லாம் சிவப்புப் பெயிண்ட். சிரிக்கவில்லை, அது பெரிய விஷயம். "பத்து நாளு. ரெண்டு கத்தி மாதிரிக்குக் கொண்டா. அது நின்னுச்சுன்னா நூறும் ஒனக்கு" என்றார்.

திரும்பி வந்தால் முதலாளி வாசலில் நின்றிருந்தார். "எங் கடை வாசல்ல நின்னே எனக்குப் போட்டியா?" என்றார். நானும் ஏதோ பேசினேன். அதோடு வேலை போனது. வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் அப்போது தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நூறு கத்தி அடிச்சுத் தர்றேன்னு சொல்லும்போது ஒங்கிட்ட என்னென்ன சாமான் இருந்துச்சு?"

"அளக்குற டேப்பு."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டார். கோபமா, சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து பழைய சாமான் வேட்டை தொடங்கியது. புதிதாக வாங்குவதென்றால் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும். போன் போட்டு விலை கேட்டேன், கேட்டுவிட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பழையதுதான் கதி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வேட்டை மாதிரி சந்தோஷமான அலைச்சலை நான் அனுபவித்ததே இல்லை. ராசிங்காபுரத்தில் கிணறு வெட்டுகிற ஆட்கள் சிலர், ஊரெல்லாம் போர்வெல் லாரி வந்துவிட்டதால் சம்மட்டிகளைச் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். வளைந்து கொடுக்காத நல்ல எஃகு. இரண்டு சம்மட்டியும் ஒரு தடி உளியும் எடுத்தேன். கொடுத்த விலையைச் சொன்னால் திருடியதாக நினைப்பீர்கள். "எடுத்துட்டுப் போத்தா, இதுல தடுக்கி விழுறதுதான் மிச்சம்" என்று சொல்லி மோரும் கொடுத்தார்கள். ஜீப்பில் கழற்றிப் போட்ட பழைய வில்பட்டைகள் மெக்கானிக் கடையில் எடைக்குக் கிடைத்தன. கத்திக்கு அதைவிட நல்ல இரும்பு கிடையாது. வாழை இலைக் கடைக்காரர் ஒருவர் இலைக்கட்டு பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்த பாரம், பார்த்தால் ஒரு அருமையான உருண்டைத் தலைச் சுத்தியல்! அதற்குப் பதிலாக ஒரு கருங்கல்லைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அவருக்கும் திருப்தி. கல் இன்னும் பெரிதல்லவா?

ஆனால் அடைகல் கிடைக்கவில்லை. போடியில் இல்லை, தேனியில் இல்லை. ஒரு துண்டுத் தண்டவாளத்தை வைத்து அடித்துப் பார்த்தேன். மேல்பக்கம் குறுகல், அடிக்கு அடி கம்பி துள்ளி ஓடியது. ஐந்து நாள் போய்விட்டது. ஆறாம் நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அழாத குறையாக இருந்தபோதுதான் மதினி வந்தார்.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பாண்டியம்மாள். நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். விடிகாலை ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய், பொழுது சாயத் திரும்புவார். ஆறடிக்கு ஓரிரண்டு விரல் குறைவான ஆள். பேச்சில் அதற்கும் மேல். எங்கள் கல்யாணத்தில் என்னைப் பார்த்து, "படிச்ச பிள்ளை, வீட்டு வேலை தெரியாது" என்று எல்லோர் முன்னும் சொன்னவர். அதிலிருந்து நான் அவரிடம் அளந்துதான் பேசுவேன். அன்றைக்கு மனக்கஷ்டத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடைகல் எப்படி இருக்கும் என்று தரையில் கரியால் படமும் வரைந்து காட்டினேன்.

மதினி படத்தையே பார்த்தார்.

"இதுவா? இது எங்க ஸ்டோருக்குப் பின்னால கெடக்கே புள்ள. இதுமேல ஒக்காந்துதான் நான் தெனமும் கஞ்சி குடிக்கிறேன்."

"மதினி, மூக்கு இருக்குமா?"

"இருக்கு இருக்கு. அதுலதான தூக்குச்சட்டியத் தொங்கப் போடுவேன்."

எழுந்து நின்றுவிட்டேன். தோட்டம் கைமாறியிருந்ததாம். புது முதலாளி பழைய பட்டறைக் கொட்டகையை இடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணச் சொல்லியிருந்தாராம். இரும்பையெல்லாம் எடைக்கு எடுக்க மறுநாள் லாரி வரப்போகிறது என்றும் மதினி சொன்னார். "அப்ப நாளைக்கே வர்றேன்" என்றேன். "வெரசா எந்திரிச்சு வா. ஜீப்பு ஒனக்காக நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஜீப் பயணத்தைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். ஒன்பது பேருக்கான ஜீப்பில் பத்தொன்பது பெண்கள், டிரைவர் முருகேசண்ணன், நான். என் மஞ்சப்பையில் ஒரு சிறு சுத்தியலும், லாரி பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டு ஒன்றும் இருந்தன. குண்டை அடைகல்லின் மேல் போட்டால் எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்பதை வைத்து அதன் முகம் இன்னும் உறுதியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். நாலாவது வளைவில் குண்டு பையிலிருந்து நழுவி விழுந்து ஜீப்புக்குள் உருண்டது. பத்தொன்பது பெண்களும் காலைத் தூக்கிக்கொண்டு தேடினார்கள். "என்னத்தா தொலைச்ச, கொலுசா?" "இல்லைக்கா, குண்டு." கடைசியில் இருந்த அக்கா அலறிவிட்டார். இரும்புக் குண்டு என்று விளக்கிச் சொல்வதற்குள் இரண்டு வளைவு தாண்டிவிட்டது.

மேலே போய் இறங்கியபோது பனி விலகவில்லை. ஏலக்காய் ஸ்டோர் என்பது காயை உலர்த்துகிற கட்டிடம். வெளிப்பக்கம் பெரிய அடுப்பு, அதிலிருந்து உள்ளே ஓடும் சூட்டுக் குழாய்கள். அதன் பின்னால், சரிந்துபோன தகரக் கொட்டகையில், நனைந்த சருகுக்கும் ஏலக்காய்த் தூசிக்கும் நடுவில் அது இருந்தது. மேலெல்லாம் துரு. ஒரு ஓரத்தில் கஞ்சி சிந்திய வெள்ளைக் கறை. மதினியின் சிம்மாசனம்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், என் முகத்தை அல்ல, அதன் முகத்தை. குண்டைக் கையுயரத்திலிருந்து விட்டேன். துள்ளி, திரும்ப என் உள்ளங்கைக்கு அருகிலேயே வந்தது. சுத்தியலால் ஒரு தட்டு. அந்தச் சத்தம் சரிவில் இறங்கிப் போய் எதிர்மலையில் தொட்டுத் திரும்பியது. காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆத்தி, இம்புட்டு நாளும் இதுமேலயா ஒக்காந்திருந்தேன்!" என்றார் மதினி.

பிறகு கண்ணில் பட்டதெல்லாம் புதையல்தான். சருகுக்கு அடியில் இடுப்புயரக் கால் வைஸ் ஒன்று; இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கருவி. கையால் சுற்றி உலைக்குக் காற்று ஊதுகிற ப்ளோயர், விசிறி உடையாமல். கம்பியில் கோத்துக் கட்டின குறடுகள் ஏழு. நான் வாய்விட்டுச் சிரிக்கப் போனேன். மதினி என் முழங்கையில் கிள்ளினார். "பல்லக் காட்டாத. பல்லக் காட்டுனா வெலை ஏறிப்போகும்."

அவர் சொன்னது சரிதான், ஆனால் விலை பேச ஆளே வரவில்லை. தோட்டத்துச் சூப்பர்வைசர் குட்டப்பன் சேட்டன் அடுப்புப் பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தார். அடுப்பின் இரும்புக் கதவு கீலோடு பெயர்ந்து கீழே விழுந்து கிடந்தது. கதவு மூடாததால் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே முந்தின நாள் எடுத்த பச்சைக்காய் முழுக்கப் பரப்பியிருந்தது. சூடு குறைந்தால் காய் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் யாரும் சீண்ட மாட்டார்கள்.

"வெல்டர் வரான் உச்சை ஆகும்" என்றார். உச்சை என்றால் மத்தியானம். "அப்போழேக்கும் காயெல்லாம் போயி."

நான் கதவைப் பார்த்தேன். கீலின் பட்டையில் அச்சு நுழைகிற வளையம் மட்டும் அறுந்திருந்தது. பட்டை நல்ல நீளம். நுனியைக் காய்ச்சிச் சுருட்டினால் புது வளையம். ஐ.டி.ஐ.யில் நான் பத்துத் தடவை செய்த வேலை. ஆனால் மூன்று வருஷமாகச் செய்யாத வேலை.

"நான் செஞ்சு தர்றேன் சேட்டா."

இப்படிச் சொல்வது எனக்கு வியாதியாகிவிட்டது என்று அப்போதே தோன்றியது. அவர் என் பெரிய மஞ்சப்பையைப் பார்த்தார். "மோளே, நீ ஆரா?" மதினி முந்திக்கொண்டார்: "எங்க வீட்டுப் பிள்ளை. இரும்புக்கே படிச்சவ." கல்யாணத்தன்று சொன்ன அதே படிப்புதான். இப்போது வேறு குரலில் வந்தது.

பட்டையைக் கதவிலிருந்து கழற்றிக்கொண்டு, அடுப்பிலிருந்து கங்கை வாய்ப்பக்கம் இழுத்துக் குவித்தேன். ப்ளோயரைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் வாயைக் கங்குக்குள் திருப்பி, மதினியைச் சுற்றச் சொன்னேன். முதலில் உள்ளிருந்து ஒரு எலிக்கூடு பறந்து வந்து விழுந்தது. அப்புறம் காற்று. கங்கு சிவந்து, மஞ்சளாகி, வெளுக்கத் தொடங்கியது. மதினி இரண்டு கையாலும் சுற்றினார். "இன்னும் வெரசா சுத்துங்க மதினி!" என்று நான் அவரை அதட்டினேன் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இரும்பு லாரி வந்து நின்றது. வியாபாரி இறங்கினார். கைகட்டி நின்று பார்த்தார். காய் எடுக்கப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். சேட்டன் அவர்களை விரட்டவும் மறந்து நின்றார்.

பழுத்த பட்டையைக் குறட்டால் பிடித்து இழுத்து, நாலு எட்டில் கிடந்த அடைகல்லின் மேல் போட்டேன். முதல் அடி தப்பு. ஓரத்தில் பட்டு ஒரு தழும்பு விழுந்தது. யாரோ 'ச்சு' கொட்டினார்கள். காது சுட்டது. திரும்ப நெருப்புக்குள் வைத்தேன். இரண்டாவது தடவை எடுத்தபோது கண்ணில் வேறு எதுவும் படவில்லை. நுனியை அடைகல்லின் மூக்கில் வைத்து மெல்ல மெல்ல வளைத்தேன். திருப்பினேன். ஒரு போல்ட் கம்பியை நடுவில் வைத்து அதைச் சுற்றி மூடினேன். இரும்பு கேட்டபடி வந்தது. நாலு தடவை காய்ச்சல், அவ்வளவுதான். தொட்டித் தண்ணீரில் முக்கியபோது எழுந்த ஆவியில் ஏலக்காய் வாசம் கலந்திருந்தது.

கதவைத் தூக்கி மாட்டினார்கள். அச்சைப் போட்டேன். சேட்டன் ஒரு விரலால் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் வந்து மூடிக்கொண்டது. பெண்கள் கைதட்டினார்கள், ஒரு அக்கா குலவையே போட்டார். சிரிக்காதீர்கள், எனக்குக் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு குலவை காதில் விழவில்லை.

வியாபாரி பக்கத்தில் வந்தார். "கல்லு எனக்குன்னு பேசியாச்சும்மா" என்றார். குரலில் கோபமில்லை.

குட்டப்பன் சேட்டன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அது விற்றுப்போயி" என்றார்.

"எப்ப?"

"இப்ப. இந்த மோளுக்கு."

வியாபாரி என்னைப் பார்த்தார், அடைகல்லைப் பார்த்தார். "நான் எடுத்திருந்தா ஒடச்சுத்தான் லாரியில ஏத்தியிருப்பேன். நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு மற்ற தகரங்களை எடை போடப் போனார். நல்ல மனுஷர். பிற்காலத்தில் அவரிடம் நான் எத்தனையோ சாமான் வாங்கினேன்.

சேட்டன் விலையைச் சொன்னார். அடைகல், ப்ளோயர், ஏழு குறடு எல்லாமாகச் சேர்த்து, கிரில் பட்டறையில் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. நான் உடனே மடியிலிருந்த பணத்தை எடுக்கப் போனேன். அதற்குள் மதினி, "என்ன சேட்டா, இந்தக் கழுதைய மலையெறக்குற கூலிக்கே சரியாப் போகுமே" என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன். அவர் நிறுத்தவில்லை. "அந்த வைசு? கல்லுக்கு அது பொண்டாட்டி மாதிரி. ரெண்டையும் பிரிக்கிற பாவம் ஒங்களுக்கு வேணாம்."

சேட்டன் சிரித்துவிட்டார். "மதி பாண்டியம்மே, மதி. எல்லாம் எடுத்தோண்டு போய்க்கோ." மதி என்றால் போதும்.

சாயங்காலம் அதை ஜீப்பில் ஏற்றியது இன்னொரு திருவிழா. கயிற்றைக் கட்டி, முருக்க மரக் கம்பைக் குறுக்கே கொடுத்து, எட்டுப் பெண்கள் தூக்கினார்கள். முருகேசண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆளுக ஏறுற ஜீப்பா, லோடு லாரியா? நாலு பேரு எறங்குனாத்தான் கெளம்புவேன்." நாலு பேர் இறங்கவில்லை. ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டார்கள். அடைகல் நடுவில், அதன் மேல் பதினோரு ஜோடிக் கால்கள். ஒவ்வொரு வளைவிலும் அது அசையும். உடனே எல்லாக் கால்களும் சேர்ந்து அதை அமுக்கும்.

ஏலக்காய் கடத்துகிறார்களா என்று செக்போஸ்டில் டார்ச் அடித்துப் பார்த்தவர் மூக்கைச் சுருக்கினார். "ஏலக்காய் வாசம் வருதே. எங்க மறைச்சு வச்சிருக்கீங்க?"

"கல்லு, சார்!" என்று ஜீப்பே ஒரே குரலில் சொன்னது. அவர் நம்பவில்லை. எல்லாவற்றையும் கிளறினார். கடைசியில் வைஸின் திருகுக்குள் விரலை விட்டு நாலு ஏலக்காயை எடுத்தார். எத்தனை வருஷத்துக் காயோ, கறுத்து, எண்ணெயில் ஊறி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான்.

வீட்டுக்காரர் தெருமுனையில் காத்திருந்தார். ஜீப் நின்றதும் உள்ளே எட்டிப் பார்த்தார். சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒரு தட்டு தட்டினார். தெருவில் மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன.

"தம்பி, இது டேப்பு இல்லடா" என்றார் மதினி தம்பியிடம். டேப்பு விஷயத்தை மட்டும் நான் சொல்லவே இல்லை, அவருக்கு யார் சொன்னார்களோ!

மிச்சமிருந்த நாட்களில் ஆறு கத்தி அடித்தேன். நாலு வீண். ஒன்று தண்ணீரில் முக்கும்போதே விரிசல் விட்டது. தேறின இரண்டையும் பத்தாம் நாள் காலையில் தோட்டக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, வாசலில் கிடந்த முருக்கங்கட்டையை வெட்டச் சொன்னார். பத்து வெட்டு, இருபது வெட்டு. அப்புறம் அவரே கத்தியை வாங்கி, பச்சை மூங்கிலில் ஓங்கி வெட்டினார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நூறு பத்தாது. நூத்தம்பது வேணும்" என்றார். நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கௌரவமாக நடந்தேன். திரும்பினதும் ஓடினேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். நூற்றைம்பது கத்தியும் பருவத்துக்குள் கொடுத்தேன். வீட்டுக்காரர் பஸ் வேலையை விட்டு வந்து ப்ளோயரைச் சுற்றினார். கண்டக்டர் பழக்கத்தில் இரும்பு பழுத்ததும் 'ரைட், ரைட்' என்பார். ஒரு நாள் என் பழைய கிரில் முதலாளியே ஜன்னலுக்குச் சுருள் வேலை செய்து தரக் கேட்டு வந்தார். "நெழல்ல ஒக்காருங்கண்ணே" என்று நாற்காலி போட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. இன்றைக்குப் பட்டறையில் ஐந்து பேர், மூன்று பெண்கள். பவர் ஹேமர் இருக்கிறது. அடைகல் அதே அடைகல்தான்.

ஆனால் அப்படி ஒரு வேட்டை இனி நடக்காது. பழைய இரும்பு வைத்திருக்கிறவர்களெல்லாம் இப்போது அதைப் படம் பிடித்துப் போனில் போட்டு, பெங்களூர்க்காரர் என்ன விலை கொடுப்பார் என்று பார்க்கிறார்கள். குட்டப்பன் சேட்டன் தொடுபுழைப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். போன மாதம் ஒரு வேலையாக அந்தத் தோட்டத்துப் பக்கம் போனேன். ஸ்டோர் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த மூன்று குடில்கள், தங்குவதற்கு வருகிறார்கள். காயைக் கேஸ் டிரையரில் காய வைக்கிறார்களாம். சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள். தோட்டத்திலேயே லயன் குடியிருப்பில் தங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் இடுப்பில் இருந்தது நான் அடித்த கத்திதான் என்பதில் எனக்குப் பெருமைதான், மறுக்கவில்லை.

எங்கள் தெருவிலிருந்து விடிகாலையில் இப்போது ஜீப் போவதில்லை. முருகேசண்ணன் ஜீப்பை விற்றுவிட்டார். அந்தப் பத்தொன்பது பேரில் மூன்று பேர் இல்லை. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள், இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறார்கள். மதினிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆள் திடமாகத்தான் இருக்கிறார். சாயங்காலம் ஆனதும் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேற்கே மலையை மூடி நிற்கிற மேகத்தைப் பார்த்தபடி, தெருவில் போகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார்.

"மேல மழையா?"

நின்று பதில் சொல்ல, நனைந்த சேலையோடு மலையிலிருந்து இறங்கி வருகிறவர் ஒருவர்கூட எங்கள் தெருவில் இல்லை.